நூற்றுப் பன்னிரண்டு அம்புகள்

இந்தக் கதையில் வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அது வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு வரும். இப்போது செவ்வாய்க்கிழமை காலைதான் ஆகிறது. அதுவரை உதட்டை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சென்னியப்பன் முன்னால் சிரித்துத் தொலைக்காதீர்கள். பாவம், நல்ல மனிதர்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு ஆலையில் உற்பத்தி மேலாளராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழக மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய நெறியாளர் பேராசிரியர் சுகிர்தா நாகர்கோவில்காரர், வயது முப்பத்தெட்டு. மாணவர் ஆசிரியரை ‘மேடம்’ என்பார். ஆசிரியர் மாணவரை ‘சார்’ என்பார். துறையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அதையே படமாகப் போட்டுக் காட்டினால் இன்னும் நன்றாகப் போய்ச் சேருமா? இதுதான் அவர் ஆராய்ச்சி.

அதற்காக அவர் ஒரு படம் வரைந்திருந்தார். அறுபத்து நான்கு பெட்டிகள். நூற்றுப் பன்னிரண்டு அம்புகள். ஆறு நிறங்கள். உச்சியில் வடிவமைப்பு அலுவலகம். அடியில், செப்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குக் காயில் செய்யும் வைண்டிங் பிரிவு. மேலிருந்து கீழே அறிவு எப்படி இறங்கி வருகிறது என்பதை அந்த அம்புகள் காட்டின.

அந்தப் படம் பிறந்ததற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் ஆலையிலிருந்து போன நானூறு மோட்டார்கள் தாராபுரம் பக்கத்துக் கிணறுகளில் எரிந்து திரும்பி வந்தன. சென்னியப்பன்தான் விசாரித்தார். ‘செய்முறை தொழிலாளர்களுக்குச் சரியாகச் சென்று சேரவில்லை’ என்று அறிக்கை எழுதினார். செய்முறையைப் படமாக வரைந்து வைண்டிங் பிரிவின் சுவரில் ஒட்டினார். அதன்பின் எந்த மோட்டாரும் அப்படி எரியவில்லை. படத்தின் மீது அவருக்குப் பக்தியே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை சுகிர்தாவின் அறைக்குள் வந்து நின்றார்.

“மேடம், ஒரு சந்தேகமுங்க.”

“உக்காருங்க சார். சொல்லுங்க.”

“ரெண்டு தடவை டி.சி. மீட்டிங் ஆச்சு.”

டி.சி. மீட்டிங் என்பது ஆராய்ச்சி மாணவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் குழு. கேட்க வேண்டும் என்பது விதி.

“ஆமா.”

“ரெண்டு தடவையும் படத்தைப் போட்டு நாப்பது நிமிஷம் விளக்கினனுங்க. அத்தனை பேரும் தலையாட்டினாங்க. ஒருத்தர்கூடப் புரியலைன்னு சொல்லலீங்க.”

“ஆமா, பாத்தேன்.”

“அப்புறம் ஏனுங்க ‘இன்னுங் கொஞ்சம் வொர்க் பண்ணி எடுத்துட்டு வாங்க’ன்னு திருப்பித் திருப்பி அனுப்பறாங்க? புரிஞ்சுதானே தலையாட்டினாங்க?”

சுகிர்தா மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“இந்த வெள்ளிக்கிழமை மூணாவது தடவைங்க மேடம்.”

“தெரியும் சார்.”

இருவருக்குமே தெரியும். மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பினால் பதிவு ரத்து. ஆறு வருடமும் வீடு நிறைந்த காகிதமும் அத்தோடு சரி.

“நான் ஒண்ணு சொன்னா செய்வீங்களா?”

“சொல்லுங்க.”

“படத்தை எனக்கு ஃபைலா அனுப்புங்க. ஃப்ளெக்ஸ்ல பெருசா அடிக்கச் சொல்றேன். ஆறடிக்கு நாலடி. அதைத் தூக்கிட்டுப் போங்க. எல்லார்கிட்டயும் காட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு கேள்வி கொண்டு வாங்க.”

“மூணே மூணா?”

“மூணு போதும். ஆனா படத்தைப் பத்தின கேள்வியா இருக்கணும். யார் என்ன சொன்னாலும் ஒரு நோட்டுல அப்படியே எழுதணும். பாராட்டினாலும் எழுதுங்க. ஆனா பாராட்டு கேள்வி ஆகாது.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கேள்வி! மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது கிடைக்குமே.

“ஃபைலை அனுப்பறனுங்க. அப்படியே அடிக்கக் குடுத்துடுவீங்களா?”

“லேசா ஃபார்மேட் மட்டும் பண்ணிக்கிறேன் சார்.”

ஃபார்மேட் என்ற சொல் காதில் விழுந்தால் எந்த ஆராய்ச்சி மாணவரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சென்னியப்பனும் பேசவில்லை. எழுந்து போய் ஃபைலை அனுப்பினார்.

சாயங்காலம் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் சுருளை நீட்டினார்.

“ஏண்ணா, எந்த விசேசத்துக்குண்ணா இது? காதுகுத்தா?”

“ஆராய்ச்சிப் படங்க.”

“அதான் ஒண்ணும் வெளங்கல. ஓரத்துல உங்க போட்டோ ஒண்ணு வெச்சிருக்கலாமுல்ல? கும்பிட்டுட்டு நிக்கற மாதிரி?”

“வேண்டாங்க.”

“அழைப்பது யாருன்னாவது போட்டிருக்கலாம்.”

இல்லை, இது அந்த இடம் இல்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னேன் அல்லவா? பொறுங்கள்.

புதன்கிழமை காலை, துறைத் தலைவரும் குழுவில் இருப்பவருமான குப்புராஜின் அறையில் சென்னியப்பன் சுருளை விரித்து அலமாரியில் மாட்டினார். குப்புராஜ் நல்லவர். ‘பேஸிக்கலி’ இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க முடியாது, அவ்வளவுதான். தம் வீட்டில் சாம்பாருக்கு உப்பு கேட்டாலும், பேஸிக்கலி உப்பு கொஞ்சம் கம்மி என்றுதான் கேட்பாராம்.

சென்னியப்பன் விளக்கினார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விளக்கும்போது அவர் படத்தைப் பார்ப்பதில்லை. முதுகைப் படத்துக்குக் காட்டி நிற்பார். கையில் இருக்கும் குச்சி தோளுக்குப் பின்னால் மேலிருந்து கீழே தானாக இறங்கும். கண் எதிராளியின் முகத்தில் இருக்கும். ஆலையில் கூட்டம் நடத்தி நடத்திப் பழகிய கை அது. தவிர, ஆறு வருடம் வரைந்த படம். கண்ணை மூடினாலும் தெரியும். அதனாலேயே கண்ணைத் திறந்து அதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இருபதாவது நிமிடத்தில் குப்புராஜின் தலை ஆட ஆரம்பித்தது.

“பேஸிக்கலி, ஃப்ளோ பிரமாதம். மேலருந்து கீழ வரைக்கும் அப்படியே அருவி மாதிரி கொட்டுது.”

சென்னியப்பன் எழுதிக்கொண்டார்.

“ஏதாவது கேள்விங்களா சார்?”

“கேள்வியா?” குப்புராஜ் யோசித்தார். “பேஸிக்கலி, அது என்ன பச்சை?”

“கிளிப்பச்சைங்க சார்.”

“நல்லா இருக்கு.”

இதைக் கேள்வியாக எழுதலாமா என்று சென்னியப்பன் வராந்தாவில் நின்று யோசித்தார். நேர்மையான மனிதர். எழுதவில்லை.

அடுத்து, குழுவில் இருக்கும் இன்னொருவர், புள்ளியியல் பேராசிரியர் அன்வர்தீன். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘இல்லையா’ சேர்ப்பார். நாம் தலையாட்டாவிட்டால் அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டார். படம் விரிந்ததும் அவர் கண் நேராக அடிக்குறிப்புக்குப் போனது.

“எத்தனை பேர்கிட்ட தகவல் எடுத்தீங்க?”

“நூத்தி நாப்பது பேருங்க சார்.”

“போதும், இல்லையா?”

சென்னியப்பன் தலையாட்டினார். அன்வர்தீனும் தலையாட்டினார். பத்து நிமிடம் விளக்கம் நடந்தது. இருவரும் மாறி மாறித் தலையாட்டினார்கள்.

“ரொம்பத் தெளிவான படம், இல்லையா?”

எழுதிக்கொண்டார். கேள்வி இன்னும் வரவில்லை.

நூலகர் பார்த்தார். “அழகா இருக்கு. ஆனா சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது” என்றார். கேண்டீனில் சக ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்து பேர் பார்த்தார்கள். “சூப்பர் சார்.” “மாஸ் சார்.” “வேற லெவல் சார்.” நான்காவது ஆள் படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஐந்தாவது பெண், “எந்த சாஃப்ட்வேர் சார்?” என்று கேட்டு, பதில் வருமுன்னே தலையாட்டினாள்.

புதன்கிழமை முடிந்தது. எட்டு பேர். எட்டுத் தலையாட்டல். கேள்வி பூஜ்யம்.

சென்னியப்பனுக்கு லேசாக வியர்த்தது. இத்தனை பேருக்குமா ஒரு சந்தேகம்கூட வராது? அவ்வளவு தெளிவாகவா வரைந்துவிட்டோம்? அவ்வளவு தெளிவு என்றால் குழு ஏன் திருப்பி அனுப்புகிறது? வண்டியின் பின்சீட்டில் கட்டியிருந்த சுருள் வழியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை பழைய ஆலைக்குப் போனார்.

நிர்வாக இயக்குநர் இளைஞர். பழைய முதலாளியின் பேரன். சென்னியப்பனை இன்னும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். மேசை முழுவதும் படம் விரிந்தது.

“வாவ் அங்கிள், நம்ம ஃபேக்டரியா இது? இவ்ளோ நல்லா இருக்கா?”

“ஏதாச்சும் கேக்கணுமாப்பா?”

“ஒண்ணுமே இல்லை அங்கிள். கிரிஸ்டல் கிளியர். ஒரு காப்பி குடுங்க, ரிசப்ஷன்ல மாட்டிடலாம்.”

ஒன்பது பேர்.

மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே போகும் வழியில் வைண்டிங் பிரிவு. உள்ளே ஒரே ஒரு ஆள் மேசையில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மயிலாத்தாள். இருபத்திரண்டு வருடமாக அங்கே காயில் சுற்றுகிறவர்.

“அட, சாருங்களா? வாங்க, வாங்க. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சுங்கம்மா.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்களே. ரெண்டு வாய் தின்னுங்க, கொள்ளுப் பருப்புதான்.”

“இருக்கட்டும். நீங்க ஒண்ணு பாக்கோணும். பாத்துட்டு ஒரு கேள்வி கேக்கோணும்.”

“நானுங்களா? பரீச்சை கிரீச்சையா?”

“பரீச்சை எனக்குத்தான்.”

மயிலாத்தாள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, சுற்றிவைத்த காயில்களை ஓரமாக நகர்த்தினார். மேசையில் படம் விரிந்தது. படத்தின் அடிப்பக்கத்தில் அவர். தலைப்பக்கத்தில் சென்னியப்பன். வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தார்.

மயிலாத்தாள் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தார். ஒரு பெட்டியில் விரலை வைத்தார்.

“இதுதான் நாங்களுங்களா?”

“ஆமாம்மா, வைண்டிங்.”

விரல் அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பியது. கம்பி அறுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி, ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறியது. சூப்பர்வைசர் பெட்டியைத் தாண்டியது. தரக்கட்டுப்பாட்டைத் தாண்டியது. சென்னியப்பன் பேசிக்கொண்டே இருந்தார். மயிலாத்தாள் தலையாட்டவே இல்லை. இரண்டு நாளில் முதல் ஆள். சென்னியப்பனுக்குப் பேச்சு தானாக நின்றுவிட்டது.

“ஏனுங் சார்.”

“சொல்லுங்க.”

“எங்ககிட்ட இருந்து கெளம்பி ஆபீசுக்குப் போய்ச் சேர்ற மாதிரி போட்டிருக்கீங்களே. நாங்க சொன்னது எப்பங்க ஆபீசுக்குப் போச்சு?”

சென்னியப்பன் புன்னகை செய்தார். வகுப்பில் கடைசி வரிசை மாணவியிடம் செய்கிற புன்னகை.

“இல்லீங்கம்மா. அது ஆபீஸ்ல இருந்து உங்களுக்கு வர்றது.”

“அம்பு அங்கயில்லீங்க பாக்குது?”

“உங்களுக்கு இந்த மாதிரிப் படம் பாத்துப் பழக்கமில்ல. அதான் அப்படித் தெரியுது.”

மயிலாத்தாள் ஒருமுறை படத்தைப் பார்த்தார். ஒருமுறை அவரைப் பார்த்தார்.

“செரிங்க சார்” என்று தலையாட்டினார்.

சென்னியப்பன் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதினார். தப்பான கேள்விதான். ஆனாலும் கேள்வி. சுருளை மடக்கப் போனார்.

“நான் என்னமோ அந்த நானூறு மோட்டார் சமாச்சாரத்தைத்தான் போட்டிருக்கீங்களாக்கும்னு நெனச்சனுங்க.”

“எந்தச் சமாச்சாரம்?”

“அதானுங்க, எரிஞ்சு போச்சே. காயிலை வார்னிசுல முக்கி அடுப்புல ஆறு மணி நேரம் காய வெக்கோணும். ஆர்டர் அவசரம்னு மூணு மணி நேரத்துல எடுக்கச் சொன்னாங்க. இப்படி எடுத்தா எரிஞ்சு போகுமுன்னு நானும் கூடக் காயில் சுத்தற சரசாளும் அன்னைக்கே சொன்னமுங்க. சூப்பர்வைசர் எழுதிக் குடுக்கச் சொன்னாரு. எழுதியுங் குடுத்தமுங்க.”

“அந்தக் காயிதம் எங்க போச்சு?”

“உங்ககிட்ட வந்திருச்சுன்னுதான் நாங்க நெனச்சமுங்க.”

சென்னியப்பன் நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் அவர் அன்று ஒட்டிய செய்முறைப் படம் அப்படியே இருந்தது. அதன் நான்கு மூலையிலும் யாரோ ஆயுதபூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

“அந்தப் படம் ஒட்டினதுக்கு அப்புறம் எரியலையேம்மா?”

“அதுக்கப்புறம் ஆறு மணி நேரம் காய வெச்சமுல்லங்க?”

சங்கு ஊதியது. மயிலாத்தாள் காயில்களை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுகிர்தாவின் அறைக்கு வந்தபோது சென்னியப்பனின் முகம் வாடிப் போயிருந்தது.

“மூணு கேள்வி கொண்டு வந்தீங்களா சார்?”

“ஒண்ணுதாங்க மேடம். அதுவும் தப்பான கேள்வி. படத்தையே தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டாங்க.”

“வாசிங்க.”

வாசித்தார். சுகிர்தா சட்டென்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். நெடுநேரம் சாத்தினார். முதுகு குலுங்கியது.

“இருமலுங்களா மேடம்?”

“ஆமா சார். கொஞ்சம் தூசி.”

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. சென்னியப்பன் நானூறு மோட்டார் கதையையும் சொல்லி முடித்தார்.

“நாளைக்கு நீங்க படத்தை விளக்கக் கூடாது சார்.”

“என்னங்க மேடம்?”

“படத்தை மாட்டுங்க. நோட்டை வாசிங்க. யார் யார் என்ன சொன்னாங்களோ, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும். கடைசியில அந்த அம்மாவோட கேள்வி. அவ்ளோதான்.”

“விளக்காம சும்மா நின்னா என்ன நெனப்பாங்க?”

“ஆறு வருஷமா விளக்கிட்டீங்க சார்.”

சென்னியப்பன் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

“இதையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?”

சுகிர்தா பேனா மூடியை மூடினார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை. பதினொரு மணி. குழு என்றால் குப்புராஜ், அன்வர்தீன், சுகிர்தா மூவர்தான். சுகிர்தா கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குப்புராஜ் முன்னால் ஒரு படிவம். அதில் மூன்று கட்டங்கள். ஏற்கப்பட்டது. திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது. ஏற்கப்படவில்லை.

சென்னியப்பன் படத்தை மாட்டினார். முதுகை அதற்குக் காட்டி நின்றார். வலது கை குச்சியைத் தேடியது. குச்சியைச் சுகிர்தா எடுத்து மடியில் வைத்திருந்தார்.

நோட்டைத் திறந்தார்.

“ஒண்ணு. பேராசிரியர் குப்புராஜ். ‘பேஸிக்கலி, ஃப்ளோ பிரமாதம். மேலருந்து கீழ வரைக்கும் அப்படியே அருவி மாதிரி கொட்டுது.’”

குப்புராஜ் தம் வார்த்தையைக் கேட்டு மகிழ்ந்து தலையாட்டினார்.

“ரெண்டு. பேராசிரியர் அன்வர்தீன். ‘ரொம்பத் தெளிவான படம், இல்லையா?’”

அன்வர்தீனும் ஆட்டினார்.

நூலகர். சூப்பர். மாஸ். வேற லெவல். செல்ஃபி. சாஃப்ட்வேர். கிரிஸ்டல் கிளியர். ஒன்பதும் முடிந்தது.

“கடைசியா, வைண்டிங் பிரிவு மயிலாத்தாள். ‘எங்ககிட்ட இருந்து கெளம்பி ஆபீசுக்குப் போய்ச் சேர்ற மாதிரி போட்டிருக்கீங்களே. நாங்க சொன்னது எப்பங்க ஆபீசுக்குப் போச்சு?’”

நோட்டை மூடினார். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்வர்தீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எழுந்தார். சென்னியப்பனைத் தாண்டிப் போய், மூக்கு உரசுகிற தூரத்தில் படத்தின் முன் நின்றார். ஒரு விரல் மேலே போயிற்று. இன்னொரு இடம். இன்னொரு இடம்.

“குப்புராஜ் சார், கொஞ்சம் இங்க வாங்க.”

குப்புராஜ் போனார். குனிந்தார். நிமிர்ந்தார்.

“பேஸிக்கலி…” என்றார். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லுக்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அன்வர்தீன் உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். “எல்லா அம்பும் கீழருந்து மேல போகுது! ஒண்ணு விடாம! இவர் மேலருந்து கீழன்னு சொல்றார், நாம ஒன்பது பேர் தலையாட்டியிருக்கோம்! சென்னியப்பன் சார், வேணும்னே திருப்பிப் போட்டு எங்களையே சோதிச்சிருக்கீங்க, இல்லையா?”

“என்னத்தைங்க சார் திருப்பினேன்?”

“நடிப்பைப் பாருங்க!”

குப்புராஜ் நாற்காலிக்குத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. ஆனால் நியாயமானவர். “பேஸிக்கலி, படம் போட்டா பாக்கறவங்களுக்குப் புரிஞ்சுடுதான்னுதானே இவரோட கேள்வி? அதை எங்க மேலயே வெச்சு நிரூபிச்சுட்டார். இதைவிட நல்ல பரிசோதனை இந்தத் துறையில நான் பாத்ததில்லை.” படிவத்தை இழுத்தார். முதல் கட்டத்தில் டிக் அடித்தார். கையெழுத்து இடத்துக்குப் பேனா போனது.

சென்னியப்பன் திரும்பினார்.

மணி பதினொன்றே கால்.

உச்சியிலிருந்து வைண்டிங் வரை இறங்குகிற பெரிய சிவப்பு அம்பைத்தான் முதலில் பார்த்தார். அதன் முனை கீழே இல்லை. மேலே, வடிவமைப்பு அலுவலகத்தில் குத்திக்கொண்டு நின்றது. நீலத்தைப் பார்த்தார். அதுவும் அப்படியே. கிளிப்பச்சை. மஞ்சள். ஓடி ஓடிப் பார்த்தார். அறுபத்து நான்கு பெட்டிகளுக்கு நடுவில் ஓர் அம்பாவது தன் பக்கம் நிற்காதா என்று தேடினார்.

நீங்கள் இப்போது சிரிக்கலாம்.

அவர் சிரிக்கவில்லை. வைண்டிங் பெட்டியில் விரலை வைத்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். சூப்பர்வைசர் பெட்டி வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க.”

குப்புராஜின் பேனா அந்தரத்தில் நின்றது.

“இதை நான் திருப்பலீங்க. திருப்பினது எனக்குத் தெரியவே தெரியாது. மூணு நாளா இதைத் தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கேன். ஒன்பது பேர் இல்லீங்க சார், பத்துப் பேர். பத்தாவது ஆள் நானு.”

விரலை மறுபடி வைண்டிங் பெட்டிக்கு இறக்கினார்.

“பாத்தது ஒரே ஒரு அம்மாதாங்க. அவங்களையும் தலையாட்ட வெச்சுட்டு வந்துட்டேன்.”

அன்வர்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘இல்லையா’ என்று எதையும் கேட்கவில்லை.

குப்புராஜ் படிவத்தைப் பார்த்தார். பிறகு படத்தை. பிறகு சென்னியப்பனை.

“பேஸிக்கலி, இதையும் சேத்து எழுதிடுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் போன பிறகு சுகிர்தா படத்தின் ஒரு முனையைப் பிடித்தார். சென்னியப்பன் மறுமுனையைப் பிடித்தார். உருட்டப் போனவர் நின்றார்.

“எப்பங்க மேடம் திருப்பினீங்க?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் சார். எல்லா அம்பையும் ஒண்ணா செலக்ட் பண்ணி ஒரே க்ளிக்.”

“ஒரே க்ளிக்கா!”

“புதன்கிழமை காலைல ஒன்பது மணிக்குள்ள என்னைத் திட்டி ஃபோன் பண்ணிடுவீங்கன்னு, ஃபோனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.”

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஃப்ளெக்ஸைக் கீழே போட்டுவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சுகிர்தாவும் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் போகவில்லை.

மூச்சு வாங்கி முடிந்ததும் சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“செரிங்க மேடம். எழுத உக்காரறதுக்கு முன்னாடி அம்பையெல்லாம் சரியாத் திருப்பிடலாங்களா?”

“திருப்பிடலாம் சார்” என்றார் சுகிர்தா. “எந்தப் பக்கம்னு சொல்லுங்க.”